தேயிலைப் பெட்டித் தாளில் ஒரு விண்கலம்

பூனாகலைத் தோட்டம்
8.6.1976, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பதுளையில் உங்களுக்குக் கடை வேலை எப்படி? குப்பி விளக்கைச் சாக்கால் மறைத்து எழுதுகிறேன். அப்பா புரண்டு படுத்தாலே விளக்கை ஊதி அணைத்துவிடுகிறேன்.

பள்ளிக் கண்காட்சிக்கு விண்கலம் செய்தேன். மூங்கில் வளையம், மேலே அலுமினியத் தாள். கண்ணை மூடினால் அது அப்புத்தளை மலையைத் தாண்டி மெதுவாக மிதக்கிறது.

"இரும்புதானே மலிவு?" என்று டீச்சர் கேட்டார். "கொழுந்து போடும் கூடையே கனத்தால், கொழுந்தை விட்டு அம்மா கூடையைத்தானே டீச்சர் சுமக்கணும்? கலம் கனத்தால் எரிபொருள் கூடும். அதைத் தூக்க இன்னும் எரிபொருள். விலை கூடின லேசான உலோகம்தான் கடைசியில் மலிவு" என்றேன். கை தட்டினார்.

ஆனால் அண்ணே, அந்தத் தாள் தேயிலைப் பெட்டிக்குள் விரிப்பது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது ஃபெக்டரியில் எடுத்துவிட்டேன். தாள் குறைகிறதென்று இன்று காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், எல்லோர் முன்னும், பெட்டி ஏற்றும் லொறிக்கார ஹாஷிம் நானாவைத் திருடன் என்றார்கள். உண்மையைச் சொன்னால் அப்பா வேலை போய்விடும். என்ன செய்ய?

தங்கை,
இராக்கம்மா

பதுளை
11.6.1976

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்தேன். விண்கலக் கணக்கை ஜுனைதீன் முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். "விலை கூடின சாமான் வாங்கினாச் செலவு குறையுமா? உன் தங்கச்சிய இங்க அனுப்புடா, யாவாரம் பிச்சுக்கும்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மீதியை மனதுக்குள் வாசித்தேன்.

ஹாஷிமுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றே அப்பாவிடம் சொல். அடித்தால் வாங்கிக்கொள்.

அண்ணன்,
சிவஞானம்

பூனாகலைத் தோட்டம்
15.6.1976

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. கலத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு அவரே ஆபீசுக்குப் போனார்.

ஹாஷிம் நானா மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கலத்தைத் திருப்பித் தரவில்லை. அப்பாவுக்கு இனி ஃபெக்டரி வேலை இல்லை. நாளை முதல் மலையில் செடி வெட்ட வேண்டும்.

மழைக்குப் போட்டுக்கொள்ள அம்மா கம்பளியை எடுத்து வைத்தார். அதைத் தடவிக்கொண்டே அப்பா என்னிடம் கேட்டார்:

"மேல வானத்துல, வெயில் படாத பக்கம் குளிருமா ஆயி?"

"ரொம்பக் குளிரும்ப்பா."

"அப்ப கலத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு என்ன போர்த்துவாங்க? கம்பளின்னா கனக்குமே."

எனக்குத் தெரியவில்லை அண்ணே. யாரிடமாவது கேட்டு எழுதுங்கள். அப்பா இன்னும் தூங்காமல் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

தங்கை,
இராக்கம்மா