தலைகீழாக நின்ற காடு

சேசு மரி சூசை துணை

கம்பம்
1938 தை

அன்பு மகன் ஆரோக்கியசெல்வத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தங்கை மதலேனாள், சினையாக இருக்கும் செவலைப் பசு உட்பட எல்லோரும் ஆண்டவர் கிருபையில் சுகம். ரங்கூனில் நீ சுகமாக இருப்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா, இல்லை அங்கே போய் எல்லாவற்றையும் மறந்துவிட்டாயா?

ஒரு சேதி சொல்ல வேண்டும், நினைத்தாலே சிரிப்பு வந்து பேனா ஆடுகிறது. மதலேனாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாகச் சேர்ந்து நாடகம் ஒன்று எழுதினாள் அல்லவா, முன்பாதி அரண்மனை, பின்பாதி காடு. மேடையோ இரண்டு மாட்டுவண்டி நிறுத்தினால் நிறைந்துவிடும். அரண்மனையைக் கழற்றிக் காட்டை மாட்டுவதற்குள் சனம் வீட்டுக்குப் போய்விடும், ஒரு பாட்டு முடிவதற்குள் காடு வராவிட்டால் பாதியோடு மங்களம்தான் என்று பெரிய வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார். பின்பாதிதான் அவள் உயிரைக் கொடுத்து எழுதியது, அழுதுகொண்டு வந்தாள். மகள் கண்ணில் தண்ணீர் கண்டால் உன் அப்பாவுக்குத் தாங்குமா? ஏத்தா, இதுக்குப் போயி அழுகலாமா, ஒரே தட்டியில முன்னால அரமனை, பின்னால காடு, திருப்பி விட்டா முடிஞ்சுபோச்சு என்று கிளம்பிவிட்டார்.

மூங்கில் சட்டத்தில் காடாத்துணியை இழுத்துக் கட்டி, புளியங்கொட்டைப் பசை பூசி, மூன்று தட்டிகள் செய்தார். பழைய கதவுக்கு இருப்பதுபோல மேலும் கீழும் சுழல்கிற மரக்குடுமி வைத்தார், கயிற்றை இழுத்தால் மூன்றும் சுழன்று திரும்பின. பிறகு களத்தில் கிடத்தி அரண்மனை வரைந்தார், காய்ந்ததும் பின்பக்கம் காடு வரையப் புரட்ட வேண்டும். இரண்டு தட்டிகளை நம் பக்கத்து வயல் அழகுமலையும் அவருமாகப் பிடித்துப் பக்கவாட்டில் புரட்டினார்கள். அழகுமலை கஞ்சி குடிக்கப் போன நேரத்தில் இவர் ஒற்றை ஆளாக, நெல் காயவைக்கும் பாயைப் புரட்டுகிற பழக்கத்தில், மூன்றாவதன் கால்மாட்டைத் தூக்கித் தலைமாட்டுப் பக்கம் போட்டுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை, அப்படியே காட்டையும் வரைந்து முடித்தார். மேடையிலும் அதை நடுவில் வைத்து, அரண்மனை முன்னால் தெரியும்படியே நிறுத்தினார்கள்.

நாடகத்தன்று பாட்டு பாதிகூட முடியவில்லை, தட்டிகள் சுழன்றன, காடு வந்துவிட்டது. ஆனால் ஐயோ மகனே, நடுத்தட்டியில் தென்னையெல்லாம் வேர் வானத்தில், குலை தரையில்! சனம் ஓவென்று சிரித்தது, பெரிய வாத்தியார் திரையை இழுக்கச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டார். அந்த நேரம் மதலேனாள் ஓரத்திலிருந்து ராணி வேடம் போட்ட அன்னத்தாயிடம் ஒரு குடத்தை நீட்டி, போயி அதுல தண்ணி மோந்துட்டு வா என்றாள். அன்னத்தாய் ஒய்யாரமாக நடந்து நடுத்தட்டியின் முன் குனிந்து, குடத்தை முக்கி, முகத்தையும் கழுவிக்கொண்டாள். கூட்டத்தில் அழகுமலைதான் முதலில், அடி ஆத்தி, ஆத்துத் தண்ணிக்குள்ள மரம் தெரியுதுடோய் என்று கத்தினார். பிறகு கைதட்டலைக் கேட்க வேண்டுமே! பின்பாதி முழுதும் நடந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆறு ரொம்பத் தத்ரூபம் என்று பெரிய வாத்தியார் மெச்சினார், அடுத்த வருட நாடகமும் மதலேனாள்தானாம். வேணும்னுதான் அப்படி வரைஞ்சேன் என்று உன் அப்பா கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிகிறார். நீயும் அந்த ஆற்றைப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுது, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

மாதா உனக்குத் துணை இருப்பாள். மழையில் நனையாதே, பதில் போட மறக்காதே. உறையில் தபால் தலையை உன் அப்பாதான் ஒட்டினார். ராசா தலைகீழாக நிற்கிறார், சிரிக்காதே.

உன் அம்மா,
பி. ரோசம்மாள்