படம் எடுக்காமல்

செவ்வாய், இரவு

பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி தூக்கும் செல்வம், இடுப்பு நோவென்று இன்று காலை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். அவசரப்படாமல் ஆறுதலாகப் பரிசோதித்தேன். ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை. படுத்துக் கிடக்காமல் மெல்ல நடமாடினால் சுகம் வரும் என்றேன்.

"எக்ஸ்ரே எடுக்காம எப்படித் தெரியும் டொக்டர்?"

"கால் விறைக்கேல்லைத்தானே? படத்தில புதுசா ஒண்டும் தெரியாது. பயப்படாதீங்க."

தலையாட்டினார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

மாலையில் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றபோது, தனியார் கிளினிக் ஒன்றிலிருந்து செல்வம் மனைவியோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் எக்ஸ்ரே உறையைப் பின்னால் மறைத்தார்.

"கோவிக்காதீங்க டொக்டர். எலும்புத் தேய்மானமாம். ஒரு மாசம் எழும்பாமப் படுக்கச் சொல்லிட்டாங்க."

படுக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மனைவி, உடையும் பொருளைப் போல அவரைத் தாங்கி ஓட்டோவில் ஏற்றிவிட்டார்.