முதுகில் சிவப்பு வில்லையோடு வந்த உல்லம் மீன்

இராயபுரம்
29-11-1969

அன்பு மகள் ஆலிஸுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எல்சி எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நாங்கள் மூவரும் சுகம், கோதாவரிக் கரையில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலையில் உன்னை நினைத்துக்கொள்கிறோம். உங்கள் மீன் ஆராய்ச்சி ஆபீசில், ஆற்றில் ஏறிவரும் உல்லம் மீன்களின் முதுகில் நம்பர் போட்ட சிவப்பு வில்லை கட்டி விடுகிறீர்கள், அவை திரும்பக் கடலுக்குப் போய் எங்கே திரிகின்றன என்று சொல்ல ஒரு வில்லைகூடத் திரும்பவில்லை, கிறிஸ்துமஸுக்குள் வராவிட்டால் இந்த வேலையை நிறுத்தி உன்னைக் கெண்டைக் குளத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். எல்சி அதைப் படிக்கக் கேட்டு அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார்.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறோம், சவரிநாதன் மாமா பெருமையாக ஒரு கதை சொல்கிறார். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே அவர் வலையில் ஒரு உல்லம் வந்ததாம், நாம் கழுத்தில் போடும் மாதா உத்தரியத் துணி போல அதன் முதுகில் சிவப்பாக ஒன்று தொங்கியதாம், யாரோ மாதாவுக்கு நேர்ந்துவிட்டது என்று சிலுவை போட்டுக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிட்டாராம். மாதா வூட்டு மீனுபா, அத்த துன்னா வெளங்குமா என்கிறார். எல்சி ஐயோ என்று கத்தியேவிட்டாள். விசாரித்தால் கரை முழுக்க இதே பேச்சு, திருவொற்றியூர்க் குப்பத்து மாசானம் அம்மனைக் கும்பிடுகிறவன், அவனும் மாதா பொல்லாப்பு நமக்கு இன்னாத்துக்கு என்று ஒன்றை விட்டிருக்கிறான். நீ அங்கே கட்டக் கட்ட இவர்கள் இங்கே கும்பிட்டுக் கும்பிட்டு விட்டிருக்கிறார்கள்.

அப்பா நேராகச் சாமியாரிடம் போய், நீங்கள் ஜனங்களுக்குச் சொல்லுங்கள் என்றார். கட்டியது உங்கள் மகள், நீங்களே சொல்லுங்கள் என்றுவிட்டார் அவர். அப்பாவைத் தெரியுமே, துறைமுகத்துக் கிரேன் சத்தத்தில் பேச்சையே மறந்தவர். அவரே கோயில் படியில் ஏறி நின்று, அது நேர்ச்சை இல்லை, என் பெண் ஆலிஸ் கட்டியது, யாருக்குக் கிடைத்தாலும் கொண்டுவந்து கொடுங்கள் என்றார். இன்னா லூயிஸு, உன் பொண்ணு மீனுக்குத் தாலி கட்டிகினு கீதா என்று ஒருவன் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கோபப்படவில்லை. ஆமாம்பா, கட்டினவளுக்கு அது எங்கே போச்சுன்னு தெரியவேணாமா என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது மகளே.

சவரிநாதன் மாமாவே குப்பம் குப்பமாகப் போய்ச் சொல்லிவந்தார். வியாழக்கிழமை மாசானம் ஈரச் சாக்கில் ஒரு உல்லத்தைக் கொண்டுவந்தான், வில்லையை அவிழ்க்கக்கூடப் பயந்து அப்படியே. எல்சி அடிக்கோலால் அளந்து, மீனின் வயது பார்க்க உனக்கு வேண்டுமே என்று செதில் நாலு எடுத்துவைத்தாள். எங்கேயிருந்து வந்தது என்று அவன் கேட்க, அவள் பள்ளிக்கூட அட்லஸில் ராஜமுந்திரியைக் காட்டினாள். அம்மாந் தொலவா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நானும்தான் இத்தனை வருஷம் கூடை சுமந்து விற்கிறேன், மீன் புதுசா பழசா என்று செவுளைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன், நீ எங்கேயிருந்து வருகிறாய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதை நினைக்க என் வயிற்றில் ஒரு பெண் பிறந்தாளே.

வில்லையையும் செதிலையும் பஞ்சில் சுற்றி இதனுடன் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறோம். உன் அதிகாரி மேசையில் வை, பிடித்தவர் மாசானம் என்று மறக்காமல் எழுது. மீனைக் குழம்பு வைத்து அவனுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். இப்போது கரையேறுகிறவர்கள் அப்பாவைக் கண்டால், லூயிஸு, இன்னிக்கு உன் பேரப்புள்ள ஒண்ணும் ஆப்புடலபா என்று கூப்பிட்டுச் சொல்கிறார்கள். இனி இந்தக் கரையில் வில்லை மீனை ஒருவரும் தண்ணீரில் விடமாட்டார்கள், நீ பயப்படாமல் அங்கே கட்டிக்கொண்டே இரு.

வெள்ளத்தில் தனியாகப் படகு ஏறாதே, தலைக்கு எண்ணெய் வை. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக.

உன்னை நினைத்துப் பூரிக்கும் அம்மா,
சிலுவையம்மாள்
(கைநாட்டு)