சளியில் கிருமி இல்லை

மிளகுத் தோட்டத்தில் செல்போன் எடுக்காது. அங்கே வேலைக்குப் போன தனபால் திரும்புவதற்குள் அவர் மனைவி பூங்குழலி பஸ் நிறுத்தத்துக்குப் போயாக வேண்டும். காலண்டர் தாளைக் கிழித்து, பின்புறம் எழுத உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரில இருந்து நர்ஸம்மா போன் பண்ணுச்சு. டெஸ்டுக்குக் குடுத்த சளியில கிருமி இல்லீங்க. பழைய காசநோய் நுரையீரல்ல விட்டுப்போன தழும்புனாலதான் இருமலும் ரத்தமுமாம். மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் விடக்கூடாது. யாருக்கும் ஒட்டாதுன்னு ரெண்டு தடவ சொல்லுச்சு."

அதற்குமேல் கை ஓடவில்லை. பட்டாளத்தில் வந்த காசநோய் குணமாகிப் பதினோரு வருடம் ஆகியும், இருமல் வந்தால் அவர் தனியாகப் போய்ப் படுத்துக்கொள்வார். பிறந்து ஐந்து மாதமான பேரனை இன்னும் தொட்டதில்லை. போன வாரம் சளியில் ரத்தம் கண்டதும், "குழந்தையக் கூட்டியார வேண்டாம்னு சுரேந்தர்கிட்டச் சொல்லீரு!" என்று, மகனிடம் சொல்ல வேண்டியதை இவளிடம் பாய்ந்து சொன்னார். இவளும் விடவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

இப்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

"சுரேந்தரும் மருமகளும் பதினோரு மணி பஸ்ல வாராங்க. கூட்டியாரப் போறேன். ராகிக் களி மூடி வெச்சிருக்கு, கீரை அடுப்பு மேல. சாப்புட்டு மாத்திரை போடுங்க. அன்னிக்கு நான் பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"தூர நின்னு பாக்கறது இனி வேண்டாமுங்க. பேரனைக் கொண்டாந்து உங்க கையிலதான் மொதல்ல குடுப்பேன்."