சாவடிக்காரரின் பெருவிரல்

இன்று காலை நல்லவாடு கிராமத்துக்காரன் ஒருவன் ஒரு படத்தை என் மேசைமேல் வைத்தான். சைகோனிலிருந்து திரும்பியவன், தலை நரைத்திருக்கிறது. படத்தில் நாற்காலியில் அவன் அம்மா, பக்கத்தில் மீசை முளைக்காத அவன். அவள் தலைக்கு மேலே வானத்தில் ஒரு பெருவிரல் ரேகை. உனக்கு மறந்திருக்காது.

"இந்தக் கறைய மட்டும் எடுத்துட்டு புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க, பெரியவரே."

முடியாது என்றேன்.

என்னைக் கல்யாணம் கட்டிக்கொண்டு, கேமராவோடு ஊர் ஊராக வண்டியில் வந்தவள் நீ. பெண்களின் முந்தானையை, முகவாயைத் திருத்துவது உன் வேலை. நான் தொட்டால் ஊர் சும்மா விடுமா? அன்றும் நீதான், "எக்கா, கப்பலேறப் போற புள்ளைய பக்கத்துல வச்சிக்கினு இன்னாத்துக்கு மொறைக்கிற?" என்றாய். அவள் சிரித்தாள். அதைக் கண்ணாடித் தகட்டில் பிடித்தேன். மறுநாள் பையன் கப்பலேறிவிட்டான்.

தகடுகளைக் கழுவ வில்லியனூருக்குத் திரும்பும்போது, பிரெஞ்சுக்காரர் ஊர்களுக்கு நடுவில் வரும் இங்கிலீஷ்காரர் எல்லையில் சுங்கச் சாவடிச் சேவகர் மறித்தார்.

"பொட்டியத் தொற. சாராயமா?"

"வெளிச்சம் பட்டா படம் போயிடும். தொறக்க மாட்டேன்."

"அப்ப ஒடைப்பேன்."

நான் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் தடியை ஓங்கினார்.

"இன்னாங்க, எந்திரிங்க. அடைகாக்குற கோழியாட்டம்!" என்று என்னை விரட்டிவிட்டு, தகடு மாற்றும் கறுப்புத் துணியை எடுத்து நீ பெட்டியை இரண்டு மடிப்பாக மூடினாய். "ஐயா, உள்ள கைய வுட்டுத் தடவிப் பாருங்க." அவர் முழங்கைக்கு மேல் துணியை இறுக்கிக் கட்டினாய். அவர்தான் கைதிபோல் நின்றார்.

"வெறுங் கண்ணாடி. போய்த் தொலைங்க."

கழுவியபோது விரல் தெரிந்தது. நான் கோபத்தில் குதித்தேன். நீயோ, "ரெண்டு மொகமும் நல்லா இருக்குதுல்ல? அவுரு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறாரு" என்றாய்.

அவர் செய்தது அக்கிரமம். அதை இன்றும் சொல்வேன். ஆனால் படத்தில் தாய் இருக்கிறாள், பிள்ளை இருக்கிறான், சாவடிக்காரர்கூட இருக்கிறார். நீ மட்டும் இல்லை. அந்த ரேகையை அழித்தால் நீ அங்கே நின்றதற்கு என்ன அடையாளம்?

கதையைக் கேட்டு அவனும் சிரித்தான், அவன் அம்மாவைப் போலவே. "அப்டியே போடுங்க" என்றான்.

நாளை அந்தப் பழைய தகட்டிலிருந்து போடுகிறேன். நீ போன பிறகும் அந்தக் கறுப்புத் துணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.