ஐந்து மணிக் குடை

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து பிசுபிசு மழை. துணி உலரவில்லை. குக்கருக்கு கேஸ்கட் வாங்க வேண்டும்.

இன்றும் ஐந்து மணிக்குக் குடையும் கையுமாகக் கிளம்பிவிட்டார் இவர். எங்கே என்று யாருக்குத் தெரியும். "ஏன்னா, நில்லுங்கோ!" என்று வாசலிலிருந்து கத்தினேன். திரும்பவே இல்லை. முக்கில் ஆட்டோக்காரன் ஷாஜி இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சாரே, எங்கோட்டா?" என்று மலையாளத்தில் கேட்டான். டக்கென்று நின்றார். சிரிப்பு வேறு. அவன் ஆட்டோவிலேயே வீட்டுக்குச் சவாரி.

ஊருக்கெல்லாம் திரும்புவார், எனக்கு மட்டும் மாட்டார். பொறாமையா? ஆமாம், பொறாமைதான். ஓர் ஆட்டோக்காரன்மேல், இந்த வயசில்.

ஜூன் 12, வியாழன்

நல்ல வெயில். ஆனாலும் குடை.

மெயின் ரோடு வரைக்கும் போய்விட்டார். பஸ் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில். மருந்துக்கடைப் பெண்தான் ஓடி வந்து இவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "பேடிச்சுப் போயிட்டேன் மாமி." நான் மட்டும் பயப்படவில்லையா? வீட்டுக்கு வந்ததும் இவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பேந்தப் பேந்த விழித்தார். ரசம் சாதம் அப்படியே இருக்கிறது.

கேஸ்கட் மறந்துபோச்சு.

ஜூன் 14, சனி

வாசகசாலை மாடியில் மாதக் கூட்டம். மறதி வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடி அழுவது, சிரிப்பது, பருப்புவடை. அதுவரை இவரைக் கீழே கேரம் போர்டு முன்னால் உட்காரவைத்து வாசகசாலைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். புண்ணியவான்கள்.

பஸ் விஷயம் சொன்னேன். கூட்டத்தை நடத்துகிற நர்ஸ் பிந்து சிஸ்டர்: "பின்னாலேர்ந்து விளிச்சா சாருக்கு மனசிலாகாது மாமி. முன்னாடி போய் நின்னு, பேரு சொல்லி விளிக்கணும்."

"நாங்க ஆம்படையான் பேரைச் சொல்றதில்லை."

"பின்னே எப்படி விளிப்பீங்க?"

"ஏன்னா."

"சார் மாமியை?"

"கேட்டியா."

ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். பேர் சொன்னால் ஆயுசு குறையும் என்று எங்கம்மா சொல்வாள் என்றேன். "பஸ் இடிச்சா கூடுமோ?" என்கிறாள் பிந்து. வாய்க்காரி.

வீட்டுக்குள் இவர் பெயரைச் சொன்னது மாமியார் ஒருத்திதான். அவளும் போய்ச் சேர்ந்தாயிற்று. என் பெயர் இவர் வாயில் வந்ததே இல்லை. இப்போது "கேட்டியா"வும் நின்றுவிட்டது. ஒரே ஒரு தடவை அதைக் கேட்கமாட்டோமா என்று ஏங்குகிறது மனசு.

மிக்ஸி ஓடும்போது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்துக்கு மேல் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. வாழைக்காய் வறுவல். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஐந்து மணி. குடை. கேட் தாழ்ப்பாளில் கை. ஓடிப்போய் எதிரே நின்றேன். "ராமநாதன்!" என்றேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

நின்றார். என் முகத்தையே பார்த்தார். எத்தனை மாசம் ஆச்சு இப்படிப் பார்த்து!

"அம்மா," என்றார். "லலிதா இன்னும் ஆபீஸ்லேர்ந்து வரலையே. குடை எடுத்துண்டு போகலை அவ. பஸ் ஸ்டாப்ல நனைஞ்சுண்டு நிப்பா."

லலிதா நான்தான். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில், மழை வந்தால் பஸ் ஸ்டாப்புக்குக் குடையோடு வந்து நிற்பார். அதை நீட்டிவிட்டு முன்னால் நடப்பார்.

"வந்துண்டே இருக்காடா," என்றேன். "குடையைக் குடு, நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

தரவில்லை. தானே போகணுமாம். செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். மழை வலுக்கிறவரை பஸ் ஸ்டாப்பில் நின்றோம், இரண்டு பேருமாக, லலிதாவுக்காக.