ஹாஸ்டல் ஃபாரத்துல நாலாவது பேரு

அந்தப் பதினாலாவது விதிக்கு வந்ததும்தான் அண்ணே எனக்கு வாய் கட்டிக்கிச்சு. அதுக்கு முந்தின பதிமூணையும் நல்லா சத்தமாத்தான் படிச்சுக்கிட்டு வந்தேன். உங்க பேத்திக்கு யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல எடம் கெடைச்சிருக்கு. உங்க மக பூங்கோதை அந்த ஹாஸ்டல் விதி அச்சடிச்ச சின்னப் புஸ்தகத்தை எங்கிட்ட நீட்டி, "நீங்க படிங்க அத்தை, உங்களுக்குத்தான் எதையும் வரி விடாம படிக்கணுமே"ன்னா. ரூம்ல ஹீட்டர் வைக்கக்கூடாது. இஸ்திரிப் பெட்டி கூடாது. விளக்கு, ஊதுவத்தி, சூடம் எதுவும் ஏத்தக்கூடாது. அதுக்கு நான் சண்டை போட்டேன், வெள்ளிக்கிழமையும் அதுவுமா புள்ளை என்ன பண்ணும்னு. "மனசுக்குள்ள ஏத்திக்கிறேன் பாட்டி, அதுக்கு ஃபைன் கெடையாது"ன்னு உங்க பேத்தி சொல்றா. அப்படியே உங்க வாய்.

பதினாலாவது என்னன்னா, பொண்ணைப் பார்க்கவும் வெளிய அழைச்சிட்டுப் போகவும் நாலு பேருக்குத்தான் அனுமதி. நாலு பேரும் போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.

இத்தனை வருஷத்துல என்னென்னவோ மாறிடுச்சு. இது மாறல.

பூங்கோதையைத் தஞ்சாவூர் ஹாஸ்டல்ல சேர்த்த அன்னிக்கி நீங்க கட்சிக் கரை வேட்டி கட்டிக்கிட்டு வந்தீங்க. நான் உங்க பின்னால பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தேன். கல்யாணம் ஆகி ரெண்டே வருஷத்துல உங்க வீட்டுக்கே திரும்பி வந்தவளுக்கு அதுதான் பெரிய பிரயாணம். வார்டனம்மா விதியெல்லாம் ஒவ்வொண்ணா வாசிச்சாங்க. ஜன்னலுக்குக் கம்பி இருக்கு, மதில் மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கு, ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிடுவோம்னாங்க. நீங்க சும்மா இருக்கலாம்ல. "ஏம்மா, எம்புள்ளை என்ன குத்தம் பண்ணுச்சு?"ன்னு கேட்டீங்க.

அந்தம்மா சிரிக்கல. "ரெண்டு வருஷம் முன்னால ஒரு பொண்ணோட மாமான்னு ஒருத்தர் வந்தாருங்க. அம்மாவுக்கு ரொம்ப முடியலன்னாரு. நானும் நம்பி அனுப்பிட்டேன். நேரா கொண்டுபோயி தாலி கட்டிட்டாங்க. அந்தப் புள்ளை பரிட்சையே எழுதல. அதுக்கப்புறம்தான் இந்த நாலு பேரு கணக்கு."

நீங்க பேனாவை எடுத்தீங்க. அப்புறம், "நீங்க செய்யறதுதாம்மா சரி"ன்னு சொல்லி, உங்க பேரு, அண்ணி பேரு, எம்பேரு மூணையும் எழுதுனீங்க. நாலாவதுக்கு மட்டும் பேனாவைத் தூக்கிட்டீங்க. வீட்டுக்குப் போயி எழுதி அனுப்புறேன்னு ஃபாரத்தை மடிச்சு வாங்கிக்கிட்டீங்க.

திரும்பி வர்றப்ப பஸ்ல வெளியவே பார்த்துக்கிட்டு சொன்னீங்க. "நாலாவதா சின்னவன் பேரைப் போட்டா என்ன?"

சின்னண்ணன் விவசாயக் கூலிச் சங்கத்துல சேர்ந்து, முந்தின வருஷம் குறுவை அறுப்புக்குக் கூலி கூட்டிக் குடுன்னு நம்ம வயல் வரப்புலயே கொடி நட்டவரு. மிராசுதார் வயல்ல நட்டா சரி, கூடப் பொறந்தவன் வயல்ல நடலாமா? ஆறு நாள் அருவா இறங்கல. ஐப்பசி மழையில கதிர் சாய்ஞ்சு, வயல்லயே முளை விட்டுடுச்சு. நான் அந்த முளையைக் கையில எடுத்துக்கிட்டு அழுதேன். அன்னிலேர்ந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்ல.

"அவன் அவனோட ஞாயத்துக்கு நின்னான்"னீங்க. "புள்ளைக்கு அவன் சித்தப்பன் இல்லன்னு ஆயிடுமா? நான் குடுத்தா வாங்க மாட்டான். நீ கொண்டு போ. நீ குடுத்தா கையெழுத்துப் போட்டுடுவான்."

நான் கொண்டு போகல அண்ணே.

ரெண்டு நாள் அரிசிப் பானைக்குள்ள வெச்சிருந்தேன். மூணாம் நாள் எடுத்துட்டு வந்து உங்ககிட்ட நீட்டி, "அவரு மாட்டேன்னுட்டாரு"ன்னேன். நீங்க மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. கை அப்படியே நின்னுச்சு. "என்ன சொல்லி மாட்டேன்னான்?"ன்னு கேட்டீங்க. நான் அதுக்கும் ஒண்ணு சொன்னேன், "உங்க அண்ணன் புள்ளைக்கு நான் காவக்காரனான்னு கேட்டாரு"ன்னு. எங்கேர்ந்து எனக்கு அந்த வார்த்தை வந்துச்சுன்னு இன்னி வரைக்கும் தெரியல. நீங்க வைக்கோலைப் போட்டுட்டு, "கோடு போட்டு அனுப்பிடு"ன்னீங்க. ரூல் தடி வெச்சு நேரா நான்தான் போட்டேன்.

அதுக்கப்புறம் நீங்க இருந்தது மூணு மாசம். புரட்டாசியில ஒரு நாள் காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து உட்கார்ந்தீங்க. நெஞ்சைப் புடிச்சீங்க. நான் துண்ணூறு எடுத்துட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. உங்களுக்குப் பிடிக்காதுதான், ஆனாலும் பூசிவிட்டேன்.

அந்த வாரம் மறுபடியும் அறுப்புத் தகராறு. திருத்துறைப்பூண்டியில பஸ் எல்லாம் நின்னு போச்சு, ரோட்டுக்கு ரோடு போலீஸு. அண்ணி மயங்கி மயங்கி விழுறாங்க. தந்தி குடுக்கலாம்னா தபாலாபீஸ் தொறக்கல. நான் என்ன பண்றதுன்னு நிக்கறப்ப சின்னண்ணன் வந்தாரு. ஒரு வருஷமா மிதிக்காத வாசல். உங்க காலைப் புடிச்சு ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாரு. எந்திரிச்சு, "பாப்பா, புள்ளையை யாரு அழைச்சிட்டு வர்றது?"ன்னாரு. சங்கத்து ஆளு ஒருத்தரோட மோட்டார் சைக்கிள்ல தானே கெளம்பிட்டாரு.

அவரு பேரு அந்த ஃபாரத்துல இல்லன்னு அங்க நின்ன அத்தனை பேர்ல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சாவுன்னா விடாமலா இருப்பாங்கன்னு நெனச்சேன். எம்பேரு அதுல இருக்கு. நான் ரெண்டு வரி எழுதி ஒரு சீட்டுக் குடுத்திருக்கலாம். குடுத்தா, எதுக்குச் சீட்டுன்னு கேப்பாரே. என் பேரு ஏன் இல்லன்னு கேப்பாரே. அந்தப் பயத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

நம்ம வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. சாவுன்னு வழியில சொல்ல மாட்டோம். உடம்பு கொஞ்சம் சரியில்ல, வா போயிட்டு வரலாம்னுதான் அழைச்சிட்டு வருவோம். வீட்டு வாசல்ல கூட்டத்தைப் பார்த்துத்தான் புள்ளைக்குத் தெரியணும். சின்னண்ணன் வார்டனம்மா முன்னால பூங்கோதையை நிக்க வெச்சுக்கிட்டு, "அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லம்மா"ன்னுருக்காரு.

"நீங்க யாருங்க?"

"இவ சித்தப்பா."

"லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே. கோடு போட்டிருக்கு. ஏம்மா, இவரு உன் சித்தப்பாவா?"

"ஆமாங்க மேடம்."

"வீட்டுக்கு வந்து போக இருக்காரா?"

பூங்கோதை பொய் சொல்லத் தெரியாத புள்ளை. "எங்க அப்பாவும் இவரும் பேசிக்க மாட்டாங்க"ன்னுட்டா.

அவ்வளவுதான். வார்டனம்மா புள்ளையை உள்ள அனுப்பிட்டாங்க. புள்ளை போனதுக்கப்புறம் சின்னண்ணன் நெசத்தைச் சொல்லிருக்காரு, அண்ணன் செத்துப் போயிட்டாரும்மான்னு. மொதல்ல உடம்பு சரியில்லன்னீங்க, இப்ப செத்துட்டாருங்கறீங்கன்னு அந்தம்மாவுக்குச் சந்தேகம் இன்னும் கெட்டியாயிடுச்சு. லிஸ்ட்ல இருக்கறவங்க யாராவது வரட்டும், இல்ல எழுதிக் குடுக்கட்டும்னு கேட்டைச் சாத்திட்டாங்க. ரெண்டு மணி நேரம் கேட்டுக்கு வெளியவே நின்னாராம். வாட்ச்மேன் கால்ல விழுந்தாராம். ஊர்ல மிராசுதாருக்கே தலை குனியாத மனுஷன்.

மூணரை மணிக்குத் தனியா வந்து எறங்குனாரு. மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. நம்ம சுடுகாட்டுக்கு வாய்க்கால்ல எறங்கித்தான் போகணும், தண்ணி வந்துட்டா ரெண்டு நாளைக்குத் தாண்ட முடியாது. ஊரு பெரியவங்க எடுத்துடலாம்னாங்க. சின்னண்ணன்தான் கொள்ளி வெச்சாரு.

மறுநாள் பஸ் ஓட ஆரம்பிச்சதும் நான் போயி பூங்கோதையை அழைச்சிட்டு வந்தேன். வார்டனம்மா எம்முகத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் புடிச்சுக்கிட்டாங்க. "ஒரு சீட்டு எழுதிக் குடுத்து விட்டிருந்தீங்கன்னா அனுப்பியிருப்பேனேம்மா"ன்னாங்க. அவங்களை நான் என்ன சொல்ல முடியும்? அவங்க ஒரு புள்ளையைக் காப்பாத்தத்தான் பார்த்தாங்க.

வாய்க்காலுக்கு இந்தக் கரையில நின்னே ஈரச் சாம்பலைப் பார்த்துட்டு வந்த பூங்கோதை எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "ஏன் அத்தை சித்தப்பா பேரு அதுல இல்ல?" சின்னண்ணன் தூண்ல சாய்ஞ்சு கேட்டுக்கிட்டு நிக்கறாரு. நான் சொன்னேன், "உங்க அப்பா போடலம்மா." எதுத்துப் பேச முடியாத ஆளு மேல போட்டுட்டேன். சின்னண்ணன் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு எறங்கிப் போனாரு. இன்னி வரைக்கும் உங்க தெவசத்துக்கு வந்து எல்லாம் செய்வாரு, இலையில மட்டும் உட்கார மாட்டாரு. "அண்ணனுக்கு எம்மேல கோவம் தீரல பாப்பா, அவரு சோத்துல நான் கை வைக்கக்கூடாது"ம்பாரு. நான் பரிமாறுவேன். கேட்டுக்கிட்டுப் பரிமாறுவேன்.

நேத்து ராத்திரி பூங்கோதை ஃபாரத்துல மூணு பேரை எழுதிட்டு, "நாலாவதா சித்தப்பா பேரைத்தான் போடணும் அத்தை, நாளைக்கி போட்டோவோட வரச் சொல்லிருக்கேன்"னா. எனக்கு அதுக்கு மேல தாங்கல. எல்லாத்தையும் சொல்லிட்டேன், அரிசிப் பானை வரைக்கும். அவ ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகித் திருகித் தொறந்தா. அழுவான்னு பார்த்தேன், அழல.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"ன்னா. "சித்தப்பாகிட்ட சொல்லுங்க. அவரு கையெழுத்துப் போடறதுக்கு முன்னால சொல்லுங்க."

அப்புறம் உள்ள போயி படுத்துட்டா. காலையிலேர்ந்து அத்தைன்னு கூப்பிடல.

அவரு இப்ப பதினோரு மணி பஸ்ஸுக்கு வருவாரு. சொல்லத்தான் போறேன். அண்ணன் உங்களை வேண்டாம்னு சொல்லல, உங்க பேரைத்தான் மொதல்ல சொன்னாரு, நடுவுல நான்தான் நின்னேன்னு சொல்லணும். என்னை அடிச்சாலும் சரி, இந்த வீட்டுப் படி ஏறலன்னாலும் சரி. முருகனுக்கு முன்னால இத்தனை வருஷம் கிருத்திகைக்குக் கிருத்திகை பட்டினி கெடந்தேனே, அதெல்லாம் எந்தக் கணக்குல போச்சோ.

உங்ககிட்ட சொல்லிப் பார்த்துட்டு அப்புறம் அவருகிட்ட சொல்லலாம்னுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கிட்டு வர்றப்ப இப்பதான் அண்ணே ஞாபகம் வருது. கோடு போடச் சொல்றதுக்கு முன்னால நீங்க இன்னொண்ணும் கேட்டீங்க. "நெசமா அவன் கையிலதான் குடுத்தியா? உன் சுவாமிமலையான் மேல சத்தியமா சொல்லு, நம்பறேன்"னீங்க. நான் சொன்னேன். கோயில் வாசலையே மிதிக்காத நீங்க, அதை நம்புனீங்க.